சம்பந்தியம்மாளுடன் ஒரு வன யாத்திரை

எனக்கு முழங்கால் வலி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், இந்தப் பக்கத்தைத் தவறாமல் படித்து வரும் சகோதரிகள் சிலர், "இப்போது முழங்கால் தேவலையா?" என்று அக்கறையோடு கேட்டு எழுதுகிறார்கள். ஒரு சகோதரி முடக்கத்தான் கீரைத் தோசைக்குப் பக்குவமே எழுதி அனுப்பியிருந்தார். தோசை ரொம்ப நன்றாக வந்தது. வலிதான் இல்லை.

அந்த வலி வந்த கதையையும் போன கதையையும் இந்த வாரம் சொல்லுகிறேன். நடுவில் ஒரு காடு வருகிறது. கடைசியில் கொஞ்சம் பலகாரமும் உண்டு.

2016-ல் என் மகள் மும்பையில் தன்னோடு வேலை பார்த்த ஒரு மராட்டிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். எங்கள் வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார். அப்புறம் சமாதானமாகி, மும்பைக்குப் போய் அட்சதை போட்டுவிட்டு வந்தார். நான் போகவில்லை. "முழங்கால் வலி. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயிலில் உட்கார முடியாது" என்று சொல்லிவிட்டேன். கோபம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், "என்ன கோபம்?" என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வலி என்றால் யாரும் மேலே கேட்பதில்லை பாருங்கள்.

கோபம் ஒரு வருஷத்தில் ஆறிவிட்டது. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. பேத்தி பிறந்தாள். வருஷத்துக்கு இரண்டு தடவை சென்னைக்கு வந்து போனார்கள். ஆனால் பொய் வலியில் ஒரு சங்கடம் உண்டு. அதை நிறுத்துவதற்கு நாள் நட்சத்திரம் அமைவதே இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மும்பையிலிருந்து சம்பந்தியம்மாள் கூப்பிட்டனுப்புவார். ஒவ்வொரு தீபாவளிக்கும் என் முழங்கால் வலிக்கும். "கபாலி கோயிலை மூன்று சுற்றுச் சுற்றுகிற கால், மும்பை என்றால் மட்டும் மடங்க மாட்டேன் என்கிறதே!" என்பார் எங்கள் வீட்டுக்காரர். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கடைசியில் ஆறு வயசுப் பேத்தி என்னை மடக்கிவிட்டாள். "பாட்டி, உன் காலை ரயில்ல படுக்க வச்சுக் கூட்டிட்டு வாயேன்" என்று டெலிபோனில் சொன்னாள். இதற்கு மேல் எப்படிச் சாக்குச் சொல்வது? 2024 செப்டம்பரில், அங்கே பிள்ளையாரைக் கடலில் கரைத்து முடித்த கையோடு, தனியாகவே ரயில் ஏறிப் போய் இறங்கினேன்.

போரிவலியில் அவர்கள் வீடு. சம்பந்தியம்மாள் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை விட மூன்று வயசு பெரியவர். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு மராட்டி தெரியாது. ஹிந்தியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வியாபாரியிடம் விலை கேட்கிற அளவுதான். சம்பந்தியிடம் எதை விலை கேட்பது?

வாசலிலேயே என் முழங்கையைப் பிடித்துக் கொண்டார். உள்ளே போனால், எனக்கென்று உயரமான நாற்காலி, காலுக்கு ஒரு முக்காலி, வெந்நீர்ப் பை, ஒரு பாட்டில் எண்ணெய்! எல்லாம் என் முழங்காலுக்கு. "பஸா, பஸா" என்றார். பஸ் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்து நான் மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டேன். மராட்டியில் "பஸா" என்றால் "உட்காருங்கள்" என்று அர்த்தமாம். இரண்டு நாள் உட்கார்ந்தேன். உட்கார உட்கார எனக்குக் குற்றம் செய்தவள் போல உடம்பெல்லாம் கூசியது.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. "நம்ம வீட்டுக்குப் பக்கத்திலேயே காடு இருக்கும்மா. நீயும் அத்தையும் குட்டியைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. எனக்கு ஆபீஸ் வேலை இருக்கு" என்று மகள் வேண்டுமென்றே நழுவிவிட்டாள்.

பக்கத்திலே காடா? மும்பை என்றால் ஜனக்கூட்டம், மின்சார ரயில், அடுக்கு மாடி, கடல் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். நிஜமாகவே போரிவலி ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஆட்டோவில் கொஞ்ச தூரம் போவதற்குள் காடு வாசல் வைத்துக்கொண்டு நிற்கிறது. சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்று பெயர். பூங்கா என்றதும் சிமெண்டு பெஞ்சும் ஊஞ்சலும் நினைத்துக்கொள்ளாதீர்கள். 104 சதுர கிலோமீட்டர் காடு. நம் கிண்டி தேசியப் பூங்காவைப் போல முப்பத்தெட்டுப் பூங்கா அதற்குள் அடங்கும். காட்டிலும் அக்கம்பக்கத்திலுமாகச் சுமார் ஐம்பது சிறுத்தைகள் குடியிருக்கின்றன. அதனால்தான் பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பு.

ஒரு சாண் நிலத்துக்கு அடித்துக்கொள்கிற ஊரில் இத்தனை பெரிய காடு எப்படித் தப்பித்தது என்று கேட்டேன். மகள், "குடிதண்ணிதாம்மா காரணம்" என்றாள். உள்ளே விஹார், துளசி என்று இரண்டு ஏரிகள். 1860-ல் ஒன்றும் 1879-ல் ஒன்றுமாக ஊரார் குடிப்பதற்கென்று கட்டியவை. ஏரிக்கு நீர் வர வேண்டுமானால் சுற்றியிருக்கும் மலையில் கை வைக்கக் கூடாது அல்லவா? அப்படித்தான் மரங்கள் பிழைத்தன.

போக நினைக்கிறவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறன்று ஜனம் ஜாஸ்தி. வாசலில் சீட்டு வாங்க வேண்டும். மழைக்காலமானால் குடை அவசியம். வழுக்காத செருப்பு அதை விட அவசியம். உள்ளே கன்ஹேரி குகைகள் வரை தார் ரோடு ஆறேழு கிலோமீட்டர் போகிறது. முழுவதும் நடக்க வேண்டும் என்பதில்லை. ஆசை தீர நடந்துவிட்டு, பிறகு உள்ளே ஓடும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். பட்டணத்தில் கடைத்தெரு நடக்கிறவர்கள் யாரும் நடக்கலாம். அத்தனை சுலபமான வழி.

ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. இரண்டு பக்கமும் தேக்கும் மூங்கிலும் சொட்டிக்கொண்டிருந்தன. தஹிசர் ஆறு பாறைகளைத் தாண்டிச் சலசலத்து ஓடியது. நகரத்துக்குள் போனதும் அதே ஆறு சாக்கடை மாதிரி ஆகிவிடுகிறதாம். இங்கே கண்ணாடியாக இருந்தது. மோட்டார் சத்தம் பத்து நிமிஷத்தில் பின்தங்கிவிட்டது. புள்ளிமான் ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு, "சரி, யாரோ சம்பந்திகள்" என்பது போலத் திரும்பவும் மேயப் போய்விட்டது. பேத்தி முன்னால் ஓடினாள். ஈர மண் வாசனையும் இலை வாசனையுமாக மூச்சு இழுக்க இழுக்கச் சுகமாயிருந்தது. எனக்குக் கால் பறந்தது. ஆனால் எப்படிப் பறப்பது? பத்தடிக்கு ஒரு தரம் சம்பந்தியம்மாள் ஒரு கல்லையோ கட்டைச் சுவரையோ காட்டி, "பஸா" என்பார். நான் முகத்தைச் சுளித்து முழங்காலைத் தடவிக்கொண்டு உட்காருவேன். அவரும் பக்கத்தில் உட்காருவார். முதல் அரை மணியில் ஏழு தடவை உட்கார்ந்தோம்.

பிறகு வண்டி ஏறிக் கன்ஹேரிக்குப் போனோம். அங்கே பழங்குடிப் பெண்கள் கூடையில் வெள்ளரிக்காயும் கொய்யாவும் வைத்து விற்றார்கள். மிளகாய் உப்புத் தடவிய வெள்ளரிக்காய் ஒன்றை வாங்கி வாயருகே கொண்டு போனேன். ஒரு குரங்கு சாவதானமாக வந்து, கடன் கொடுத்ததைத் திரும்ப வாங்குகிறாற்போல வாங்கிக்கொண்டு போயிற்று. பேத்தி விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் குரங்கின் பின்னால் ஓடினாள்.

மொழிபெயர்க்க ஆளில்லாத அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. சம்பந்தியம்மாள் என் தோளைத் தொட்டார். இரண்டு கைகளையும் தூக்கி எட்டு விரல்களைக் காட்டினார். "ஆட் வர்ஷ" என்றார். பிறகு என்னைச் சுட்டிக் காட்டினார்.

"வர்ஷ" என்பது எனக்குப் புரியாதா? எட்டு வருஷம்! 2016-க்கும் 2024-க்கும் எத்தனை வருஷம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாளாக மனசுக்குள் வைத்திருந்து, வீட்டில் கேட்டால் நன்றாயிராது என்று, காட்டுக்குக் கூட்டிவந்து கேட்டுவிட்டாரே! முகம் குப்பென்று சூடாகிவிட்டது. கேட்டதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு ஆத்திரம் ஜாஸ்தியாக வந்தது. ஒன்றும் பேசாமல் திரும்பி, குகைகளுக்கு ஏறும் படிகளில் விடுவிடுவென்று ஏறினேன். கருங்கல்லில் வெட்டிய படிகள். ஐம்பதோ அறுபதோ, எண்ணவில்லை. மூச்சு வாங்கவில்லை. மேலே போய் நின்ற பிறகுதான் முழங்கால் ஞாபகம் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். சம்பந்தியம்மாள் பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தார். என் காலைப் பார்க்கவில்லை. குடையைக் கம்பாக ஊன்றி, மறு கையால் தன் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சட்டென்று கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

எட்டு வருஷம் வலியை நடித்தவளுக்கு நிஜ வலி எது என்று தெரியாமல் போகுமா? இறங்கிப் போனேன். படி ஓரமாக ஒரு குகை. அதன் வாசலில் பிக்ஷுக்கள் உட்காருவதற்காகப் பாறையிலேயே குடைந்த திண்ணை. சேலைத் தலைப்பால் ஈரத்தைத் துடைத்தேன். அவர் கையைப் பிடித்து, "பஸா" என்றேன்.

நான் பேசிய முதல் மராட்டி வார்த்தை அது.

அந்தத் திண்ணையில் இருவர் தாராளமாக உட்காரலாம். பேத்தியும் வந்து சேர்ந்தாள். "ஆஜி எட்டு விரலைக் காட்டினாங்களே, எதுக்குன்னு கேளு" என்றேன். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"பூவுக்கு, பாட்டி! உன் பின்னாலே இருந்துச்சே, ஊதாப் பூ. எட்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்குமாம். நீ பார்க்காமயே மேலே ஏறிட்டியாம்."

எழுந்து எட்டிப் பார்த்தேன். கீழே, நான் நின்ற இடத்துக்குப் பின்னால், சரிவில் ஆள் உயரத்துக்குப் புதர் புதராக ஊதாப் பூ மண்டிக் கிடந்தது. கார்வி என்று பெயர். நம் கொடைக்கானல் குறிஞ்சிக்குத் தாயாதி. குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருஷக் கணக்கு. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. கார்விக்கு எட்டு வருஷம். ஏழு வருஷம் பச்சையாக நின்று, எட்டாவது வருஷம் ஒரே சமயத்தில் பூத்துக் காய்த்துவிட்டுச் செடி பட்டுப்போய்விடுகிறது. பூக்கிற வருஷம் தேனீக்களுக்குக் கொண்டாட்டம். பட்ட குச்சிகளைப் பழங்குடி மக்கள் வரிச்சாகக் கட்டி, மண்ணும் சாணமும் பூசி வீட்டுச் சுவர் எழுப்புவார்களாம். போன தடவை பூத்தது 2016-ல். என் மகளின் கல்யாண வருஷம்! அந்த வருஷம் புதுப்பெண்ணை இங்கே கூட்டி வந்து காட்டினாராம் சம்பந்தியம்மாள். இந்தத் தடவை பெண்ணின் தாயாருக்குக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

கன்ஹேரியைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி, அதாவது கரிய மலை என்ற பெயர்தான் கன்ஹேரி ஆயிற்று. நம் பக்கத்திலும் ஒரு கிருஷ்ணகிரி இருக்கிறதே, அதே பெயர். ஒரே மலையில் நூற்றுக்கு மேல் பௌத்தக் குகைகள். சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் குடைய ஆரம்பித்து, பல நூற்றாண்டுகள் குடைந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். மூன்றாவது குகை தூண்களோடு கூடிய பெரிய மண்டபம். அதன் முன்வாசலில் இருபதடிக்கு மேல் உயரமாக இரண்டு புத்தர்கள். ஆனால் எனக்குப் பிடித்தது தண்ணீர்த் தொட்டிகள்தாம். மழைநீரைப் பாறையில் கோடு கிழித்தாற்போல வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து, குகைக்கு ஒரு தொட்டியில் சேர்த்திருக்கிறார்கள். கோடையில் குடம் தூக்கித் தவித்தவர்கள் அந்தத் தொட்டிகளைப் பார்த்தால் கும்பிடுவார்கள். கல்யாண், சோபாரா முதலிய ஊர் வியாபாரிகள் பணம் கொடுத்துச் செய்த தர்மங்கள் என்று கல்வெட்டுகள் இருக்கின்றன.

மூன்று மணிக்கு இறங்கினோம். இப்போது நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் மேடு வந்தால் நானே "பஸா" என்றேன். வண்டியில் வாசல் வரை வந்து, ஆட்டோவில் ஸ்டேஷன் ரோடுக்கு வந்து சேர்ந்தபோது மறுபடி தூறல். மழையில் மும்பைத் தெருவுக்கு ஒரு தனி வாசனை இருக்கிறது. கரியடுப்பில் மக்காச்சோளக் கதிரை வாட்டி, எலுமிச்சம்பழ மூடியை மிளகாய் உப்பில் தோய்த்துத் தேய்த்துக் கொடுக்கிறார்கள். பேத்திக்கு அது. எனக்கும் அவருக்கும் வடா பாவ்.

இங்கே ஒரு தடங்கல். தெருவில் நின்றுகொண்டு, கையில் காகிதத்தில் வாங்கி, நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. என் மாமியார் இருந்தவரை ஓட்டலே கிடையாது; தெரு எங்கே? ஆனால் அந்த வாணலியிலிருந்து வந்த சத்தமும் வாசனையும்! கடலை மாவில் தோய்ந்த உருளைக்கிழங்கு உருண்டைகள் எண்ணெயில் புரண்டுகொண்டிருந்தன. பார்த்தால் நம் வீட்டு உருளைக்கிழங்கு போண்டாதான். உள்ளே பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு இடித்துப் போட்டு மஞ்சளாக மசித்திருக்கிறார்கள். பாவ் ரொட்டியை நடுவில் கீறி, ஒரு பக்கம் பச்சைச் சட்டினி, மறு பக்கம் சிவப்பாகப் பூண்டுப் பொடி தடவி, சுடச்சுட உருண்டையை வைத்து ஓர் அமுக்கு. கூடவே எண்ணெயில் பொரித்து உப்புத் தூவிய பச்சை மிளகாய் ஒன்று.

1966-ல் தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் போட்ட கடையில்தான் இது பிறந்தது என்கிறார்கள். மில் தொழிலாளர்கள் ரயிலைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் கையில் வாங்கித் தின்பதற்கு ஏற்ற பண்டம். 1982-ல் நடந்த பெரிய மில் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, வேலை போனவர்கள் பலர் இந்தக் கடையையே வைத்துப் பிழைத்தார்களாம். பாவ் என்பது போர்ச்சுக்கீசிய வார்த்தை. உருளைக்கிழங்கும் மிளகாயும் கூட அவர்கள் கப்பலில் வந்தவைதாம். கடலை மாவும் பூண்டும் நம்முடையவை. ஜாதகம் பார்த்துச் சேர்த்த பதார்த்தம் அல்ல. ஆனால் என்ன ருசி! முதல் கடியில் நாக்குச் சுட்டது. இரண்டாவது கடியில் கண்ணில் ஜலம். மூன்றாவது கடியில் மாமியாரை மறந்துவிட்டேன்.

அந்தச் சிவப்புப் பொடியைச் சம்பந்தியம்மாள் மறுநாள் எனக்குச் செய்து காட்டினார். உரித்த பூண்டுப் பல்லைச் சொட்டு எண்ணெயில் வதக்கி, கொப்பரைத் துருவலையும் வற்றல் மிளகாயையும் வறுத்து, உப்புப் போட்டு, தண்ணீர் விடாமல் கரகரப்பாக இடிக்க வேண்டும். அவ்வளவுதான். நம் தோசைக்கும் பிரமாதமாக இருக்கிறது.

கடையோரத்தில் ஒரு பலகை போட்டிருந்தது. அவரை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வடா பாவ் கொடுத்த தைரியமோ என்னவோ, பேத்தியைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, ஆஜி கிட்டே சொல்லு. பாட்டிக்கு முழங்கால் வலியே கிடையாது. எட்டு வருஷமா கிடையாதுன்னு சொல்லு."

குழந்தை மக்காச்சோளத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள். சம்பந்தியம்மாள் என்னைப் பார்த்தார். "மாஹீத் ஆஹே" என்றார். மேலே என்னவோ சொல்லிவிட்டுத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஆஜிக்குத் தெரியுமாம், பாட்டி. கல்யாணத்தன்னிக்கே தாத்தா சொல்லிட்டாராம்."

எங்கள் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தவர். உடைந்த ஹிந்தி பேசுவார். அதை இதற்கா உபயோகிக்க வேண்டும்?

"தெரிஞ்சா பின்னே எதுக்கு நாற்காலி, எண்ணெய் எல்லாம்? வழியெல்லாம் எதுக்கு என்னை உட்கார வச்சாங்க? கேளு!"

பேத்தி கேட்டாள். சம்பந்தியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொன்னார்.

"நாற்காலியும் எண்ணெயும் ஆஜியோடதுதானாம். ஆஜிக்குத்தான் கால் வலி. அப்பாகிட்டே சொன்னா எங்கேயும் போகக் கூடாதுன்னு சொல்லிடுவாராம். நீ உட்கார்ந்தா அவங்களும் உட்காரலாம்ல? அதான்!"

தூறலில் ஜனங்கள் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு கிழவிகளும் பலகையில் உட்கார்ந்து குலுங்கக் குலுங்கச் சிரித்தோம். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, கேட்காமலே இன்னும் இரண்டு பொரித்த மிளகாய் வைத்தார்.

"பாட்டி, அடுத்த பூ 2032-லதானாம். அப்பவாச்சும் முழங்காலை மெட்ராஸ்லயே விட்டுட்டு வருவியான்னு ஆஜி கேக்கறாங்க."

வருவதாகச் சொல்லச் சொன்னேன். ராத்திரி சென்னைக்கு டெலிபோன் செய்து எங்கள் வீட்டுக்காரரை அழைத்தேன். அவரிடம் நான் பேசியதெல்லாம் இந்தப் பக்கத்தில் போடத் தகுந்தது அல்ல.